வேலி வளரும்வரை

16, குவாரித் தெரு,
கிராக்டன், யார்க்‌ஷயர்.
9 ஏப்ரல் 1963

திருமதி பிண்டர் அவர்களுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும்.

உங்கள் கணவர் வில்ஃப் என் ஏணியை இரவல் வாங்கிப் போய் ஒரு படி குறைவாகத் திருப்பித் தந்தபோது நான் பேசவில்லை. நான் தேர்வுத்தாள் திருத்தும் வாரமாகப் பார்த்து உங்கள் வானொலியில் பித்தளை வாத்தியக்காரர்கள் ஊதித் தள்ளியபோதும் பேசவில்லை. வில்ஃப் இறந்த பிறகு, துக்க வீட்டுக்காரரிடம் குறை சொல்வது முறையல்ல என்று இன்னும் அதிகமாகப் பேசாமல் இருந்தேன். ஆனால் சனிக்கிழமை நீங்கள் செய்த காரியத்துக்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

பள்ளிப் பையன்களைப் பந்தாட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், நம் இரண்டு தோட்டங்களுக்கும் நடுவில் இருந்த பிரிவெட் உயிர்வேலி இல்லை. உங்கள் அக்கா மகன் தன் நிலக்கரி லாரியில் கயிற்றைக் கட்டி, புதர் புதராகப் பிடுங்கிப் போட்டிருக்கிறான். வேலி இருந்த இடத்தில் வரிசையாகக் குழிகள்.

வேலி உங்கள் நிலத்தில் இருந்தது, வில்ஃப் நட்டது. சட்டம் உங்கள் பக்கம். ஆனால் அது சாகவில்லை, திருமதி பிண்டர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழுந்த பனி மார்ச் வரை கிடந்ததில் இலை கருகிற்று, கிளை ஒடிந்தது. வேர் உயிரோடுதான் இருந்தது. தரையை ஒட்டி வெட்டி விட்டிருந்தால் மே மாதம் துளிர்த்திருக்கும். அதுவரை காய்ந்த குச்சிகளாவது மறைத்துக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எதை மறைத்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். என் மனைவி எனிடுக்குத் தாடையில் கட்டி எடுத்து மூன்று வருஷம் ஆகிறது. முகத்தின் இடது பக்கத்தை அதோடு எடுத்துவிட்டார்கள். ரொட்டிக் கடையில் ஒரு குழந்தை அவளைப் பார்த்து வீறிட்டு அழுத நாளிலிருந்து அவள் தெருவில் இறங்குவதில்லை. அவளுக்கு மிச்சம் இருந்தது இந்தத் தோட்டம் ஒன்றுதான். உங்கள் தோட்டத்துக்கு அப்பால், மேட்டில் போகும் பாதை வழியாகத்தான் ஊரே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் போகிறவர்கள் அத்தனை பேரும் அதில்தான் போகிறார்கள். இப்போது அங்கே நின்று பார்த்தால் எங்கள் சமையலறைக் கதவு வரை தெரிகிறது.

சனிக்கிழமையிலிருந்து அவள் வெளியே வரவில்லை. ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள்.

பதில் எதிர்பார்க்கவில்லை.

இப்படிக்கு,
எ. ஹோல்ராய்ட்


18, குவாரித் தெரு
11 ஏப்ரல்

மிஸ்டர் ஹோல்ராய்ட்,

எதிர்பார்க்காவிட்டாலும் பதில் இதோ.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்று சிரித்தார். "என்ன ஐடா, பக்கத்து வீட்டுலேர்ந்து ஸ்டாம்ப் ஒட்டி வந்திருக்கு? நடுவுல கடல் கிடல் ஏதாச்சும் வந்துடுச்சா?" என்றார். நான் இதை உங்கள் கதவு இடுக்கில் சொருகுகிறேன்.

நீங்கள் பேசாமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கண்ணு, நீங்கள் பேசாமல் இருந்தது இந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

வேலியைப் பற்றி. வில்ஃப் பிப்ரவரியில் போனார். கல்லறையில் மண் இரும்பு மாதிரி உறைந்துபோய்க் கடப்பாரை இறங்காமல், அவரை வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தது உங்களுக்கும் தெரியும். மற்றவர்களோடு சேர்ந்து நீங்களும் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகு தினமும் காலையில் திரையை விலக்கினால் முதலில் தெரிவது அவர் நட்ட வேலி, பழுப்பாக, செத்துப்போய். எத்தனை நாள் பார்ப்பது? அக்கா மகன் பெர்ட்டிடம், "லாரியை எடுத்துட்டு வாடா" என்றேன். வேர் உயிரோடு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியாது.

எனிடைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அது தப்பு. இதை உங்களிடம் சொல்லவில்லை, எனிடிடம் சொல்கிறேன். அவளுக்கு இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

பலகை வேலி போட்டுத் தருவதாக பெர்ட் சொல்கிறான். சரியா?

ஐடா பிண்டர்


16, குவாரித் தெரு
17 ஜூன் 1963

திருமதி பிண்டர் அவர்களுக்கு,

பலகை வேலி வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியனுப்பினேன். அது என் முடிவு அல்ல. "பெட்டிக்குள்ள போட்டு மூடறதுக்கு இன்னும் நேரம் இருக்கு எட்கர்" என்றாள் எனிட். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இந்தக் கடிதம் வேறொரு விஷயம் பற்றி. கிராக்டனில் துணி துவைத்துக் காயப்போடுவது திங்கட்கிழமை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடுகிற வீடு எப்படிப்பட்ட வீடு என்று என் தாயார் சொல்வதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. நீங்கள் இப்போது சில வாரங்களாக, வெயில் அடித்தால் எந்தக் கிழமையானாலும், குறிப்பாக ஞாயிறு காலையில், கொடி நிறைய வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிடுகிறீர்கள். தனியாக இருக்கும் ஒரு பெண்மணிக்கு இத்தனை படுக்கைகளா? கொடியையும் இழுத்து எங்கள் எல்லை ஓரமாகக் கட்டியிருக்கிறீர்கள். வேலி இருந்த அதே இடத்தில்.

நேற்று சர்ச் வாசலில் பிளெங்கின் என்னைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு வருஷம் லத்தீன் கற்பித்த எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய துணைத் தலைமையாசிரியர் பதவியை, உடற்பயிற்சி வகுப்பில் பையன்களைக் குதிக்கச் சொல்லிக்கொடுத்து வாங்கிய அதே பிளெங்கின். "என்ன ஹோல்ராய்ட், உங்க பக்கம் வெள்ளைக் கொடி பறக்குதே? சரணடைஞ்சது யாரு, நீங்களா அந்தம்மாவா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

என் கடிதத்துக்கு இதுதான் உங்கள் பதில் என்றால், புரிந்துவிட்டது. ஆனால் அந்த நையாண்டியை உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள் என்பதை நினைத்துப் பார்த்தீர்களா?

எ. ஹோல்ராய்ட்


18, குவாரித் தெரு
18 ஜூன்

மிஸ்டர் ஹோல்ராய்ட்,

உள்ளே உட்கார்ந்திருக்கிறாளா? நீங்கள் சர்ச்சில் இருக்கும்போது உங்கள் வீட்டில் நடப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

எனிட் என்னிடம் கேட்டுக்கொண்டது, "அவர்கிட்ட சொல்லாத ஐடா. சொன்னா ஸ்கேலை எடுத்துட்டு வந்து விரிப்பு எத்தனை அங்குலம்னு அளக்க ஆரம்பிச்சுடுவாரு." வாக்குக் கொடுத்தேன். இப்போது மீறுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியை உதைத்ததில் என் கால் கட்டைவிரல் வீங்கியிருக்கிறது.

அந்த விரிப்புகள் எல்லாம் சுத்தமானவை. சனிக்கிழமை சாயங்காலம் வேண்டுமென்றே தண்ணீரில் முக்கி வைக்கிறேன். நனைந்தால்தான் கனமாக, நேராகத் தொங்கும். மேட்டுப் பாதையிலிருந்து ஒரு கண்ணும் உள்ளே போகாது. கொடியை ஓரமாக இழுத்துக் கட்டியதும் அதற்காகத்தான். ஊரே நடந்துபோகிற காலையில் விரிப்பு இல்லாமல், திங்கட்கிழமை மட்டும் தொங்கவிட்டு யாருக்கு என்ன பயன்?

முதல் ஞாயிறு அவள் கதவு வரை வந்து நின்றாள். அடுத்த ஞாயிறு படியில் உட்கார்ந்தாள். போன வாரம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். விரிப்புக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான் பட்டாணி உரிக்கிறேன். நான் எட்டிப் பார்ப்பதில்லை. நிறையப் பேசுகிறாள். உங்களைப் பற்றியும்தான், பயப்படாதீர்கள், பாதி நல்லதாகத்தான் சொல்கிறாள்.

போதகர் மனைவி வந்து என் சோபாவில் உட்கார்ந்து, "ஓய்வுநாள்ல இப்படிச் செய்யலாமா ஐடா?" என்றாள். "ஆண்டவருக்குக் காரணம் தெரியும், கண்ணு. உங்களுக்கு ஒரு கப் டீ போடட்டுமா?" என்றேன். குடிக்காமல் போய்விட்டாள். இத்தனை வாரமாக நான் சர்ச்சுக்குப் போகவில்லை என்பதாவது உங்கள் கண்ணில் பட்டதா?

இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். உங்களுக்குத் தெரியும் என்று மட்டும் அவளிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். மெதுவாக வருகிறவளைக் கைதட்டி வரவேற்றால் உள்ளே ஓடிவிடுவாள்.

ஐடா


16, குவாரித் தெரு
10 நவம்பர் 1963

திருமதி பிண்டர்,

ஜூன் மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஞாயிறுகளில் நான் சர்ச்சிலிருந்து மிகவும் தாமதமாகத் திரும்பியதைக் கவனித்திருப்பீர்கள். பிரசங்கம் நன்றாக இருந்தது என்பது காரணம் அல்ல. கல்லறைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தேன். அங்கே புதைந்திருப்பவர்களின் பிறந்த வருஷம் முழுக்க எனக்கு மனப்பாடம்.

இப்போது குளிர் வந்துவிட்டது. அவள் எப்படியும் உள்ளேதான். செடி நட இதுதான் பருவம். ஆகவே நேற்று ஸ்கிப்டன் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரன் முரட்டு ஆசாமி. முதலில் அகல இலைப் பிரிவெட்டைத் தூக்கி நீட்டினான். வில்ஃப் நட்டது அந்த வகைதான்: ஜப்பானிலிருந்து வந்தது, பார்க்கப் பளபளப்பாக இருக்கும், நம் ஊர்க் குளிர் கொஞ்சம் கூடினால் கோபித்துக்கொள்ளும். வேண்டாம், நாட்டு வகை வேண்டும் என்றேன். "அத யாரு சார் தோட்டத்துல வெப்பாங்க? காட்டுல கெடக்கறது. இலை சின்னது, குளிர்காலத்துல பாதி கொட்டிடும்" என்றான். "கொட்டட்டும். போன வருஷப் பனியில் அது செத்ததா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "அது எங்க சாகுது. சுண்ணாம்புப் பாறை இடுக்குல நிக்கற ஜாதி" என்றான். வாங்கிக்கொண்டு வந்தேன். மண் இல்லாமல் வெறும் வேரோடு, கட்டுக் கட்டாக, ஈரச்சாக்கில் சுற்றி, இப்போது நிலக்கரி அறையில் இருக்கின்றன.

என் நிலத்தில்தான் நடப்போகிறேன், எல்லையிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி. பிறகு யாரும் லாரி கொண்டுவர முடியாது.

வரும் சனிக்கிழமை காலையில் நடுகிறேன். இது அழைப்பு அல்ல, தகவல்.

எட்கர் ஹோல்ராய்ட்


18, குவாரித் தெரு
20 ஏப்ரல் 1964

மிஸ்டர் ஹோல்ராய்ட்,

இப்போது என் முறை. நான் கத்துகிறேன், நீங்கள் கேளுங்கள்.

நவம்பரில், உங்கள் 'தகவலை' மதித்து, மழையில் சாக்கை விரித்து முழங்காலிட்டு, உங்களோடு சேர்ந்து அந்தச் செடிகளை நட்டது யார்? நீங்கள் கயிறு பிடித்து இரட்டை வரிசைக்குக் கோடு போட்டீர்கள், நான் வேரை விரித்து வைத்தேன். "மிதிங்க, நல்லா மிதிங்க திருமதி பிண்டர், காத்து இருக்கக் கூடாது" என்றீர்கள். மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை. எனிட் ஜன்னலைத் திறந்து உங்கள் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள். என் முழங்கால் உயரம் இருந்தன. மார்ச்சில் மொட்டு விட்டன. தினமும் போய் எண்ணிப் பார்த்தேன்.

நேற்று என் மகள் ஜாய்ஸைப் பார்த்துவிட்டு வருகிறேன், அத்தனையும் மொட்டை! ஒரு சாண் குச்சிதான் நிற்கிறது. கத்தரியை வைத்து வரிசை முழுக்க வெட்டியிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பனி செய்யாததை நீங்கள் செய்துவிட்டீர்கள். எதற்கு? செடி என் கை பட்டது என்பதற்காகவா? எதுவும் நல்லபடியாக வளர்வதைக் கண்டால் உங்களுக்கு ஆகாதா?

இனி என் கொடி திங்கட்கிழமைக்கு மட்டும்தான். உங்கள் வீட்டுக்காரியை நீங்களே மறைத்துக்கொள்ளுங்கள்.

ஐடா பிண்டர்


16, குவாரித் தெரு
27 ஏப்ரல் 1964

அன்புள்ள திருமதி பிண்டர்,

நேற்று நான் சர்ச்சுக்குப் போகவில்லை. போவதுபோலப் புறப்பட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்து, சாமான் அறையில் நின்றுகொண்டேன். நல்ல வெயில். எனிட் நாற்காலியை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவைத் திறந்தாள். உங்கள் கொடியைப் பார்த்தாள். வெறும் கயிறு. நாற்காலியைக் கீழே வைக்காமல் அப்படியே சிறிது நேரம் நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டாள். மத்தியானம் சாப்பாட்டில் உப்பே இல்லை.

ஆகவே எழுதுகிறேன்.

வில்ஃபின் வேலியை நினைவுபடுத்திப் பாருங்கள். மேலே கூரை மாதிரி அடர்த்தி. கீழே முழங்கால் அளவுக்கு வெறும் தண்டு. எனிட் எங்கே உட்கார்ந்தாலும் பாதையிலிருந்து குனிந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது. அதனால்தான் அவள் நாற்காலி எப்போதும் கொட்டகை மூலையில், நிழலில் கிடந்தது. உங்கள் பக்கம் நின்று பார்த்த உங்களுக்கு அது தெரிந்திருக்காது. நட்ட பிரிவெட்டை முதல் வசந்தத்தில் ஒரு சாண் விட்டு வெட்டிவிட வேண்டும். மனசு கேட்காது. எல்லோரும் செய்கிற தப்பு அதுதான்: வளர்ந்த வரைக்கும் லாபம் என்று விட்டுவிடுவார்கள், செடி மேலேதான் போகும், அடியில் கிளைக்காது. வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்து வரும், தரையிலிருந்தே. உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த இடத்தில் ஓட்டை இருக்கக் கூடாது. அதற்குத்தான் வெட்டினேன். வெட்டும்போது எனக்கும் சுகமாக இல்லை.

உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம், விளக்கம் சொல்லியே வாழ்க்கையில் பாதி போய்விட்டது. பள்ளியில் பையன்களுக்கு, நிர்வாகத்துக்கு, மருத்துவர்களுக்கு. இதையும் ஒருவரிடம் நியாயப்படுத்த வேண்டுமா என்ற எரிச்சல். சரியான காரணம் அல்ல என்று தெரிகிறது.

ஜூன் மாதம் வரை பொறுங்கள். துளிர்க்காவிட்டால் என் தொப்பியை நீங்கள் பெர்ட்டின் லாரிச் சக்கரத்தில் போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை விரிப்பைத் தொங்கவிடுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

எட்கர் ஹோல்ராய்ட்


ஸ்கார்பரோ
2 ஜூலை 1965

அன்புள்ள எட்கர்,

இந்த முறை நானும் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியதாகிவிட்டது.

ஜாய்ஸுக்கு இரட்டைக் குழந்தைகள். ஒன்று தூங்கினால் மற்றது எழுந்துவிடுகிறது. முறை போட்டுக்கொண்டு செய்கிறார்கள். மாப்பிள்ளை பால் புட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அத்தை, இது சூடா இருக்கா இல்லையா, எப்படித் தெரியும்?" என்று கேட்கிறான். ஆகஸ்ட் கடைசி வரை இங்கிருந்து நகர முடியாது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறதாம். நான் இன்னும் பார்க்கவில்லை.

என் கவலை எனிட்தான். வேலி உங்கள் மார்பு உயரம் வந்துவிட்டது, அடியிலிருந்து கம்பளி மாதிரி அடர்ந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், போன வருஷமே ஒத்துக்கொண்டேன், மறுபடி மறுபடி கேட்காதீர்கள். ஆனால் பாதை மேட்டில் இருக்கிறதே. இன்னும் இரண்டு வருஷம் வளர்ந்தால்தான் அங்கிருந்து பார்ப்பவர்களை மறைக்கும். அதுவரை விரிப்பு வேண்டும். நான் புறப்பட்ட ஞாயிற்றுக்குப் பிறகு அவள் வெளியே வந்திருக்க மாட்டாள்.

ஆகவே நீங்கள்தான் தொங்கவிட வேண்டும். ஆமாம், நீங்கள். தெரியாதவர்போல இருந்தது போதும். ஞாயிறு காலை. சாவி பூந்தொட்டிக்கு அடியில். விரிப்புகள் மாடி அலமாரியில். முந்தின நாள் சாயங்காலம் தொட்டியில் முக்கி, பிழிந்து வையுங்கள். சொட்டச் சொட்டத் தூக்கினால் உங்கள் இடுப்பு தாங்காது. கிளிப்பை ஓரத்தில் மட்டும் போடாமல் நடுவிலும் போடுங்கள். ஊர் பார்க்குமே என்றால், பார்க்கட்டும். என்னை இரண்டு வருஷமாகப் பார்த்தார்கள். எனக்கு ஒரு கால் கை குறைந்துவிடவில்லை.

இன்னொன்று. நீங்கள் கத்தரியைத் தீட்டி வைத்திருப்பதாக எனிட் எழுதியிருக்கிறாள். இப்போது வெட்டினால் அடர்த்தியாகும், தெரியும். ஆனால் நுனியில் எல்லாம் மொட்டு வந்திருப்பதாகவும் எழுதுகிறாள். வில்ஃப் ஜூனில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை வெட்டிவிடுவார். அந்த வேலி ஒரு பூ பூத்து நான் பார்த்ததில்லை. அவளுக்கும் பார்க்க ஆசை. உங்களிடம் கேட்கத் தயங்குகிறாள், ஏனென்றால் நீங்கள் அவளுக்காகத்தான் வெட்டப் பார்க்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். நான் தயங்கவில்லை. கத்தரியைத் தொடாதீர்கள்.

ஐடா


16, குவாரித் தெரு
11 ஜூலை 1965, ஞாயிறு

ஐடா,

நீங்கள் எழுதியபடி நேற்று மாலை முக்கினேன், பிழிந்தேன். ஒரு பெரிய விரிப்பைப் பிழிவதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதை நீங்கள் எழுதவில்லை. ஒரு முனையை உங்கள் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டு மறுமுனையை முறுக்கினேன். குழாய் கொஞ்சம் வளைந்திருக்கிறது. சரி செய்து தருகிறேன்.

இன்று காலை சர்ச் மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று போனேன். காற்று என்னைவிட முன்னால் எழுந்திருந்தது. வாயில் கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு ஒரு மூலையை மாட்டினேன். மறு மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை கழன்றது. நடுவில் போடச் சொன்னது நினைவுக்கு வந்தபோது விரிப்பு முழுவதும் பறந்து என் தலைமேல். விலக்கிக்கொண்டு வெளியே வந்தால் அது வேலிமேல் போய் விழுந்து, சாட்டையால் அடிக்கிற மாதிரி பட் பட்டென்று அடிக்கிறது. அதற்குள் மணியும் அடித்துவிட்டது. பாதையில் ஆட்கள். முன்னால் யார் என்று நினைக்கிறீர்கள்? பிளெங்கினும் அவர் மனைவியும்.

"ஹோல்ராய்ட்! லத்தீன்ல இதுக்கு என்ன சொல்லுவாங்க?"

என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வாயில் கிளிப் இருந்ததால் தப்பித்தார்.

அப்போது எங்கள் சமையலறைக் கதவு திறந்தது. "எட்கர்! பூவை அடிக்குது, பூவை அடிக்குது! தூக்கு அதை!" எனிட் ஓடி வந்தாள். மாவுக் கை, ஏப்ரன். முகத்தை மறைக்கச் சுற்றிக்கொள்ளும் ஸ்கார்ஃப் இல்லை. ஆமாம், பூத்திருக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து. கூம்பு கூம்பாக, வெள்ளையாக, நுனிகள் எல்லாம். நான் கத்தரியைத் தொடவில்லை. அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இரண்டு கையாலும் விரிப்பைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு கிளையாக விடுவித்தாள். வேலிக்கு மேலே அவள் முகம். மேட்டில் வரிசையாக ஆட்கள்.

பிளெங்கின் பார்ப்பதை நான் பார்த்தேன். ஐந்து வருஷமாக, யாராவது அவளை அப்படிப் பார்த்தால் என்ன செய்வேன் என்று நினைத்து வைத்திருந்தேன். பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"எனிட்! உங்களைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு. அது என்ன பூ? வாசனை இங்க வரைக்கும் வருது."

எனிட் பதில் சொன்னாள். உங்களுக்குத் தெரியும், அவளுக்குச் சில எழுத்துகள் சரியாக வராது. பிளெங்கின் காதில் கையை வைத்து, "காத்துல கேக்கலை, இன்னொரு தடவை" என்றார். நான் கிளிப்பைத் துப்பிவிட்டேன். ஆனால் அவள் முந்திக்கொண்டாள். இன்னொரு தடவை, உரக்க: "பிரிவெட்! வெட்டாம விட்டா பூக்குமாம். இந்த மனுஷனைத் தடுத்து வெக்கறதே பெரிய பாடாப் போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான்.

பிளெங்கினின் மனைவி ஒரு கொத்து கேட்டாள். எனிட் ஒடித்து என் கையில் கொடுத்தாள். நான் அதைப் பாதையோரம் உள்ள உங்கள் தோட்டச் சுவர் வரை கொண்டுபோய், பிளெங்கினின் மனைவியிடம் பணிவாக நீட்டினேன். அந்தப் பதவி விஷயத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மறக்கவில்லை. ஆனால் அவர் இரண்டாவது தடவை கேட்டாரே, அதை அவர் பெயரில் வரவாக எழுதி வைக்க வேண்டியதுதான்.

அவர்கள் போன பிறகு நான் மறுபடி விரிப்பை எடுத்து மாட்டப் போனேன். எனிட் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கை ஒரு தடவை கன்னத்துக்குப் போயிற்று, பிறகு ஒடிந்த ஒரு கிளையை நிமிர்த்தியது.

"அதை மாட்டாத எட்கர். எடுத்துடு."

"இன்னும் ஆளுங்க வருவாங்களே. திரும்பியும் இதே வழியாத்தான் வருவாங்க."

"வரட்டும். பூ கொட்டிடும். பூ இருக்கற வரைக்கும் விரிப்பு வேண்டாம்."

"பூ முடிஞ்ச பிறகு?"

"அப்ப பாத்துக்கலாம்" என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. கை தட்டவும் இல்லை. விரிப்பை மடித்து உங்கள் அலமாரியில் வைத்துவிட்டேன். கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். கத்தரிக்கு எண்ணெய் தடவிக் கொட்டகையில் மாட்டியாயிற்று, ஆகஸ்ட் வரை. இந்தப் பூவின் வாசனை எனக்குத் தலைவலி தருகிறது என்பதையும் பதிவு செய்கிறேன். தேனீக்கள் வேறு. ஆனாலும் வெளியேதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்காலியை மூலையிலிருந்து இழுத்து வெயிலில் போட்டுக்கொண்டு எனிட் பட்டாணி உரிக்கிறாள். பாதி உரித்துவிட்டுத் தூங்கிவிட்டாள். சர்ச் விட்டு ஆட்கள் திரும்பிப் போனார்கள். சிலர் கையசைத்தார்கள். ஒரு பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எனிட் அதைப் பார்த்தாள். எழுந்து போகவில்லை.

கீழே என்ன எழுதிக் கையெழுத்துப் போடுவது என்று வெகுநேரமாக யோசிக்கிறேன். 'தங்கள் உண்மையுள்ள' என்பது நிர்வாகத்துக்கு எழுதுவது. 'நண்பன்' என்று போட்டால் ஜாய்ஸுக்குப் படித்துக் காட்டிச் சிரிப்பீர்கள்; நானும் இன்னும் அவ்வளவு தூரம் வந்துவிடவில்லை. 'பக்கத்து வீட்டுக்காரன்' என்று மட்டும் போட இன்று மனம் வரவில்லை. எனிடை எழுப்பிக் கேட்கலாம், நன்றாகத் தூங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைத் தபால் எடுக்க வண்டி வரும் நேரமாயிற்று. பெயர் போடாமலே இதைப் பெட்டியில் சேர்த்துவிடுகிறேன்.